படித்த பிள்ளையின் கடன்

காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடையிலேயே கோர்த்து நெய்வதால் மூன்று நாடா ஓடும். நெசவாளர் குழித்தறியில் உட்கார்ந்து மிதியை மிதித்தபடி உடலுக்கும் ஒரு பக்கத்துக் கரைக்கும் நாடா எறிவார். மறுபக்கத்துக் கரைக்கான நாடாவை எறிய இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இடத்தில் சிறுபிள்ளைகளை உட்கார வைத்தோம். சொந்த வீட்டுத் தறி என்றால் அப்பாவுக்குத் துணை. அடுத்தவர் தறி என்றால் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்த பிறகும் அந்த வழக்கம் உடனே போய்விடவில்லை. அதிகாரிகள், ஆசிரியர்கள், தொண்டு நிறுவனத்தார் தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்தவர்கள் பெற்றோர். பிள்ளையின் கூலி போனாலும் போகட்டும் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பி வைத்தார்கள். அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

அப்படிப் போனவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும்தான் இன்றைக்குப் பட்டதாரிகள். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுமைக்கும் 28.4. இந்த உயர்வுக்குப் பின்னால் எத்தனையோ தொழில்களின் உழைப்பு இருக்கிறது. காஞ்சியில் அது தறியின் உழைப்பு.

பட்டம் வாங்கிய பிறகு இவர்கள் என்ன செய்கிறார்கள்? விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பலர். சென்னையில் அறை எடுத்துக் கணினி வேலை பார்க்கிறவர்கள் உண்டு. காந்தி சாலைப் பட்டுக் கடைகளில் சேலை விரித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. வீட்டில் நெய்த சேலையைக் கைப்பேசியில் படமெடுத்து விற்கிறவர்கள் சிலர். தறிக்கே திரும்பியவர்கள் மிகச் சிலர். இன்னும் எதுவும் அமையாமல், புத்தகமும் கையுமாகப் போட்டித் தேர்வுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு.

காத்திருப்பவரின் நிலைதான் கடினமானது. 2024-இல் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்தபோது காட்டிய பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பத்தாம் வகுப்புப் போதும் என்ற அந்தத் தேர்வைப் பட்டதாரிகளும் எழுதுகிறார்கள். எழுதுவதில் தவறில்லை. எத்தனை ஆண்டு எழுதுவது, அதுவரை வீட்டுச் செலவுக்கு என் பங்கு என்ன என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசாமல் காலத்தைக் கடத்துவதுதான் தவறு. அந்தப் பேச்சைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அப்பாவின் முதுகில் ஏறுகிறது.

கம்பெனி வேலை கிடைத்துவிட்டால் கரை ஏறிவிட்டோம் என்று எண்ணுவதும் சரியல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை உலகத்துக்கே கைப்பேசி செய்து அனுப்பியது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், பெண்கள் மிகுதி. ஆலை மூடப்பட்டது அவர்களுடைய உழைப்பில் இருந்த குறையால் அல்ல. ஆகவே ஒரு பிள்ளையின் தகுதியை அவன் ஏறும் பஸ்ஸை வைத்து அளக்க முடியாது. வைகாசி கருட சேவைக்கு உறவெல்லாம் கூடும்போது, “இப்ப எங்கே இருக்கே, எவ்வளவு வருது?” என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியால் தெரிந்துகொள்ளக்கூடியது மிகக் குறைவு.

வேறொரு கேள்வி இருக்கிறது. உன்னைப் படிக்க வைத்த தொழிலுக்கு உன் படிப்பு என்ன செய்தது?

தறியில் வந்து உட்கார் என்று இதற்குப் பொருளில்லை. விருப்பமும் தேர்ச்சியும் இருந்தால் உட்காரலாம், அது பெருமைக்குரியது. ஆனால் பிடிக்காத பிள்ளையைப் பரம்பரை என்று சொல்லிக் கட்டிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. தொழிலை விட்டுப் போவது குற்றமன்று. தொழிலின் கணக்கு வழக்குகூடத் தெரியாமல் போவதுதான் நன்றி கெட்ட செயல்.

இந்த ஊரிலேயே ஒருவர் வழி காட்டியிருக்கிறார். 1909-இல் காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, படிப்பின் இடையில் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் படித்துப் பட்டம் பெற்றார். சிறிது காலம் சென்னையில் ஆசிரியராக இருந்தார். பின்பு பத்திரிகைக்குப் போனார், அரசியலுக்குப் போனார். தறிக்குத் திரும்பவில்லை. ஆனால் 1953-இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர் வீடுகளில் பட்டினி புகுந்தபோது, அவரும் கட்சித் தோழர்களும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் கூவி விற்றார்கள். எம்.ஏ. படித்தவருக்கு அந்த மூட்டை இழிவாகத் தெரியவில்லை. படித்த பிள்ளை தொழிலுக்குப் பட்ட கடனைத் தீர்ப்பது எப்படி என்பதற்கு இதைவிட நேரான சான்று நமக்கு வேண்டியதில்லை.

இன்று அந்தக் கடனைத் தீர்க்க மூட்டை சுமக்க வேண்டாம். வணிகவியல் படித்த பெண் ஒரு மாலை அப்பாவின் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கட்டும். கூலி எவ்வளவு, சேமிப்புக்குப் பிடித்தது எவ்வளவு, பாவும் ஜரிகையும் வாங்கிய கணக்கு என்ன என்று வரிவரியாகப் படித்துச் சொல்லட்டும். தனியாரிடம் முன்பணம் வாங்கி நெய்கிற வீடு என்றால், கழிந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று தனி நோட்டில் எழுதி வைக்கட்டும். நெசவாளர் அடையாள அட்டை செல்லுபடியாகிறதா, கைத்தறி வீடுகளுக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்ந்த இலவச மின்சாரம் நம் வீட்டு ரசீதில் தெரிகிறதா என்று சரிபார்க்கட்டும். சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும், காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் என்ன சொல்கின்றன என்பதை எடுத்துச் சொல்லட்டும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் எங்கே புகார் கொடுப்பது என்பதையும் கண்டறியட்டும். இவ்வளவும் அரசாங்க மொழியில், விண்ணப்பங்களில், இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத்தான் பெற்றோர் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள்.

கம்பெனிக்குப் போகிற பிள்ளைக்கும் ஒரு கடமை உண்டு. தன் சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்தம் ஆவதை அவன் பார்க்கிறான். நாளெல்லாம் பட்டு இழைத்தும் கரை நாடா எறிந்தும் கண் மங்கிய தன் அம்மாவுக்கு முதுமையில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டும், மனு எழுத வேண்டும், வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேட்க வேண்டும்.

பெற்றோரும் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். “இந்தத் தொழில் எங்களோட போகட்டும்” என்கிறார்கள். பட்ட பாட்டில் வரும் சொல் அது; குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பிள்ளையின் காதில் அது தொழிலையே இழிவாகப் பேசுவதாக விழுகிறது. கூலி குறைவு என்று சொல்லுங்கள், முதுகு வலிக்கிறது என்று சொல்லுங்கள். தொழில் தாழ்ந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். படித்துவிட்டுத் தறிக்கு வந்த மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதை நாமே நிறுத்த வேண்டும்.

வேலை கிடைப்பது சந்தையைப் பொறுத்தது. சில நேரம் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. கற்ற கல்வியைப் பெற்றோரின் பக்கம் நிறுத்துவதற்கு எந்த நியமன ஆணையும் வர வேண்டியதில்லை. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை இந்த வாரமே அதைத் தொடங்கலாம். தொடங்கியவரை வேலையில்லாதவர் என்று சொல்ல ஊருக்கு வாய் வரக் கூடாது.