கடைசி எண்ணெய்ப் பொட்டலம் யாருக்கு?

தோட்டத்தை ஒட்டி ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மானிய விலைச் சமையல் எண்ணெய் வந்து இறங்குகிறது. ஒரு கிலோ பொட்டலம், 2 வெள்ளி 50 காசு. 2016 நவம்பரில் போத்தல் எண்ணெய்க்கான மானியத்தை எடுத்தபோது இதற்கு மட்டும் விட்டுவைத்தார்கள். வந்த வேகத்தில் தீர்ந்துபோகும் சரக்கு. கடைக்காரர் பத்துப் பொட்டலத்தை மேசைக்குக் கீழே தள்ளி வைக்கிறார். லயத்துக் கடைசி வீட்டுப் பாட்டிக்கு ரெண்டு, கால் முடியாத அண்ணனுக்கு ஒண்ணு என்று மனசுக்குள் ஒரு கணக்கு. காரில் வந்த ஒருத்தர் கேட்டால், "எண்ணெய் முடிஞ்சிருச்சு, பாஸ்" என்கிறார்.

அதே எண்ணெய் டவுன் பேரங்காடியிலும் இருக்கிறது. ஒருவருக்கு இத்தனைதான் என்று தாள் ஒட்டியிருப்பார்கள். கதவு திறந்ததும் முதலில் வருபவருக்கு முதலில். ஒளித்து வைப்பதில்லை, பொய் சொல்வதில்லை. ஆனால் பாட்டிக்கு அங்கே போக வண்டி இல்லை.

இதில் எது நியாயம்?

நம்மில் பலர் சட்டென்று மளிகைக் கடைப் பக்கம் சாய்ந்துவிடுவோம். அவசரம் வேண்டாம். மகாபாரதத்தில், சாந்தி பருவத்தில், பீஷ்மர் தருமருக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஜாஜலி என்ற முனிவர் அசையாமல் நின்று தவம் செய்கிறார். அவர் சடைமுடியில் குருவிகள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்து பறந்தும் போகின்றன. தர்மத்தில் நமக்கு மிஞ்சி யார் என்று அவர் பூரித்துப்போகும் நேரத்தில், காசியில் இருக்கும் துலாதாரனுக்கு நீ ஈடில்லை என்று ஒரு குரல் கேட்கிறது. தேடிப் போய்ப் பார்த்தால் அந்தத் துலாதாரன் ஒரு கடைக்காரர்! சரக்கு விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயருக்கே தராசு பிடிப்பவர் என்றுதான் அர்த்தம். தவசிக்கு ஒரு வியாபாரி தர்மம் சொல்லிக் கொடுக்கிறார். தன் தராசு எல்லா உயிருக்கும் ஒன்றுதான் என்கிறார். எல்லாருக்கும் நண்பனாக இருப்பதும் தர்மம் என்கிறார்.

தராசை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜெயிப்பது பேரங்காடி. பார்கோடுக்கு உங்கள் அப்பா யார் என்று தெரியாது. டத்தோ வந்தாலும் பால்மரம் வெட்டுபவர் வந்தாலும் மாவு ஒரே விலை. இதைச் சாதாரணமாக நினைக்காதீங்க. ஒரு காலத்தில் பல தோட்டங்களில் கங்காணியே கடை வைத்திருந்தார். ஆள் கூட்டி வந்தவரும் அவர், வேலை வாங்கியவரும் அவர், அரிசி கடன் கொடுத்தவரும் அவர். கடன் தீராத வரைக்கும் வேறு தோட்டத்துக்குப் போவது லேசில்லை. 'எல்லாரையும் தெரிந்த கடை' எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு நம் தாத்தா பாட்டி காலமே சாட்சி.

சின்ன அளவில் அது இன்றும் உண்டு. யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்பது லயம் முழுக்கத் தெரியும். நாப்கின் வாங்கப் போகும் பெண் பிள்ளை, கடையில் ஆண்கள் கலையும் வரை காத்து நிற்பாள். மேசைக்குக் கீழே இருக்கும் அந்தப் பத்துப் பொட்டலத்திலும், போன மாதம் குடிவந்த குடும்பத்துக்கு ஒன்று இருக்குமா? கடைக்காரரோடு போன தீபாவளிக்குச் சண்டை போட்டவருக்கு? பேரங்காடியில் நம்மை யாருக்கும் தெரியாது என்பது பல பேருக்கு ஒரு விடுதலை.

சரி, நட்புக்கு வருவோம். அந்தச் சின்ன 555 புத்தகத்தைப் பார்க்காத குடும்பம் நம்மில் குறைவு. சம்பளம் வரும் வரை கடன் எழுதும் புத்தகம். வட்டி இல்லை என்பார்கள். பொருள் விலையில் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது கடன் கொடுப்பதல்ல, மறுப்பது. "இந்த மாசம் போதும்பா, மிச்சத்தை அடுத்த மாசம் வாங்கிக்க" என்று சொல்லும் கடைக்காரர் தன் பணத்தையும் காப்பாற்றுகிறார், உங்களையும் காப்பாற்றுகிறார். இப்போது கைப்பேசியில் 'இப்பவே வாங்கு, பிறகு கட்டு' வந்திருக்கிறதே, அதுவும் ஒரு 555 தான். ஆனால் அதற்கு உங்கள் வேலை போனது தெரியாது. தவணை தவறினால் அபராதம் போடத் தெரியும். புள்ளி அட்டை வைத்திருக்கும் பேரங்காடிக்கு நீங்கள் எந்த வாரம் எந்த சோப்பு வாங்கினீர்கள் என்பதுகூடத் தெரியும். உங்களைத் தெரியாது.

துலாதாரன் சொன்ன இரண்டும் ஒரே கடையில் இருக்க முடியுமா? முடியும் என்று நினைக்கிறேன். மளிகைக் கடைக்காரர் அந்தக் காரில் வந்தவரிடம் பொய் சொல்லாமல், "நடக்க முடியாதவங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன், நீங்க டவுன்ல வாங்கிக்க முடியும்" என்று சொல்லியிருக்கலாம். பொட்டலம் யாருக்கு என்பதைத் தெரிந்த முகத்தைப் பார்த்து இல்லாமல், தேவையைப் பார்த்து முடிவு செய்திருக்கலாம். அப்போது தராசும் நேராக இருக்கும், பாட்டிக்கும் எண்ணெய் கிடைக்கும். முடிவெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கிறது. அதுதான் சின்னக் கடையின் பலமும் ஆபத்தும்.

பேரங்காடியில் அந்த உரிமை யார் கையில்? எஸ்பிஎம் முடித்துவிட்டுக் கல்லாவில் நிற்கும் நம் தங்கச்சிமார்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நன்றாகப் புரியும். பால்மாவு வாங்க வந்த அம்மாவுக்கு 80 காசு குறைகிறது. பின்னால் வரிசை நீளுகிறது. மளிகைக் கடை என்றால், "நாளைக்குக் குடுங்க ஆன்ட்டி" என்று முடிந்துபோகும். நஷ்டம் வந்தால் முதலாளிக்கு. இங்கே இயந்திரம் 80 காசை விடாது. பால்மாவைத் திருப்பி எடுத்து வைக்க வேண்டும். அல்லது அந்தத் தங்கச்சி தன் பர்ஸைத் திறக்க வேண்டும். கடையிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவள் அவள்தான். சில பேர் திறக்கிறார்கள்.