தாயைத் தெய்வமாக்கலாமா?

இறந்துபோன தாயையும் பாட்டியையும் எப்படி நினைப்பது என்பது வெறும் சடங்குக் கேள்வி அல்ல. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளிலும் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்திலும் எல்லாத் தாய்மாரும் ஒரே தாயாகிவிடுகிறார்கள். தனக்கென்று எதுவும் வேண்டாதவர், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர், தியாகத்தின் திருவுருவம், வாழும்போதே தெய்வம். படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும், ஒரு வீட்டு அஞ்சலி இன்னொரு வீட்டுக்குப் பொருந்திவிடும். அன்பு மிகுந்து எழுதுவதுதான், ஐயமில்லை. ஆனால் ஒருத்தியைத் தெய்வமாக்கும்போதே அவளை மறக்கவும் தொடங்கிவிடுகிறோம் என்று நான் கருதுகிறேன். நம் சமயங்களும் அவற்றின் சடங்குகளும், தம்மை அறியாமலேயே சில இடங்களில், இதைத்தான் சொல்கின்றன.

இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரைச் சொல்லும் குறளில் தென்புலத்தார் முதலில் வருகிறார்கள், தெய்வம் அடுத்து வருகிறது. அந்த வரிசை யாப்புக்காக அமைந்தது என்று யாரேனும் சொல்லலாம். ஆனால் வள்ளுவர் இருவரையும் வேறு வேறாக எண்ணினார் என்பதை மறுக்க முடியாது. இறந்தோர் தெய்வமாகிவிட்டார்கள் என்றால் இரண்டு கடன் எதற்கு? தர்ப்பணத்தின் உள்பொருளும் இதுவே. தெய்வத்துக்குப் பசியில்லை, நாம் படைப்பது நம் மனநிறைவுக்கு. பிதிரர்களோ எள்ளும் நீரும் வந்து சேருமா என்று காத்திருப்பவர்கள். குலம் அழிந்தால் பிண்டமும் நீரும் நின்றுபோய் முன்னோர் வீழ்ந்துவிடுவார்கள் என்று கீதையின் முதல் அத்தியாயத்தில் அருச்சுனன் கலங்குகிறான். அந்தக் கலக்கத்துக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை இறந்தவர்களுக்கு இன்னும் தேவை உண்டு என்பது. தேவை உள்ள வரைதான் ஒருவர் மனிதர்.

இதை நாட்டார் வழக்கம் இன்னும் தெளிவாகப் பிடித்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் திவசத்தன்றும் ஆடி அமாவாசையன்றும் படத்துக்கு முன் இலை போட்டால் இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் வைப்பார்கள். பாட்டி வெற்றிலை போட்டவர் என்றால் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் இருக்கும். கருவாட்டுக் குழம்பில் உயிராக இருந்தவருக்கு அதுவே படையல். இது உடம்புக்கு ஆகாது, இது ஆசாரமில்லை என்று இலையிலிருந்து எதையும் எடுத்துவிடுவதில்லை. தனக்கென்று எதுவும் வேண்டாதவர் என்று சுவரொட்டி சொல்லும் அதே அம்மாவுக்கு இன்னது வேண்டும் என்று இலை சொல்கிறது. இரண்டில் அவளை அறிந்தது எது? இலைதான் என்பேன். ஒருவர் பிறருக்குச் செய்ததை அந்தப் பிறர் எல்லோரும் அறிவார்கள். அவர் தனக்காக விரும்பியதை உடன் வாழ்ந்தவர்கள்தான் அறிவார்கள்.

ஆனாலும் நம் சடங்குகளை முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. கயையில் தாய்க்கென்று மாத்ரு ஷோடசி உண்டு. சுமந்ததும் நொந்ததும் பெற்றதும் வளர்த்ததுமான அவளுடைய துன்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதினாறு பிண்டங்கள் வைக்கிறார்கள். கேட்பவர் நெஞ்சை உருக்கும் சடங்கு அது. ஆனால் பதினாறும் மகனோடு அவளுக்கிருந்த உறவிலிருந்து பிறந்தவை. மகன் பிறப்பதற்கு முன்னும் அவன் வீட்டைவிட்டுப் போன பின்னும் அவளுக்கு ஒரு வாழ்வு இருந்ததே, அதற்குப் பதினேழாவது பிண்டம் இல்லை. இதைவிடக் கடுமையானது இன்னொன்று. திருமணத்துக்கு முன் நடக்கும் சுமங்கலிப் பிரார்த்தனையில் குடும்பத்தில் இறந்த பெண்களை அழைத்துப் புடவை வைத்து விருந்திடுவார்கள். அங்கே மணமான பெண்களில் இலை பெறுபவர் கணவனுக்கு முன்னே போனவர் மட்டுமே. மகாளய பட்சத்து அவிதவா நவமிக்கும் அதே கணக்குதான். கணவன் போனபின் ஒற்றையாளாக நிலத்தையும் கடனையும் பிள்ளைகளையும் பார்த்துக் கரையேற்றிய பாட்டிக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. அவள் எப்படி வாழ்ந்தாள் என்று எவரும் கேட்பதில்லை, கணவனுக்கு முன் செத்தாளா பின் செத்தாளா என்பதே கேள்வி. சடங்கு என்பதற்காக இதற்கு மரியாதை தர வேண்டியதில்லை.

தாயைப் பற்றி உண்மை பேசுவது பிள்ளைக்கு அழகா, செத்தவர் குறையைச் சொல்வது பாவம் இல்லையா என்று கேட்பார்கள். புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புதல்கள்’ நூலின் ஒன்பதாம் பகுதியைப் படித்தவர்கள் இந்தக் கேள்வியை இவ்வளவு எளிதாகக் கேட்க மாட்டார்கள். அவருடைய தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர். ஊர் திரும்பும் வழியில், 387இல், ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். திருச்சபை அவரைப் புனிதராகவே வணங்குகிறது. ஆனால் மகன் எழுதியது புனிதர் வரலாறு அல்ல. சிறுமியாக இருந்தபோது பீப்பாயிலிருந்து திராட்சை மது எடுக்கப் போனவர் முதலில் துளி நக்கிப் பார்த்து, பிறகு கோப்பை கோப்பையாகக் குடிக்கப் பழகியதையும், ஒரு வேலைக்காரி குடிகாரி என்று ஏசியபின் அதை விட்டதையும் அவர் மறைக்கவில்லை. கணவருக்குப் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று ஆசையாக இடம் ஏற்பாடு செய்து வைத்திருந்தவர், கடைசியில் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் என்னை நினைத்தால் போதும் என்று சொன்னதையும் எழுதுகிறார். தாயின் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறார், படிப்பவர்களையும் அவருக்காக வேண்டச் சொல்கிறார். இங்கேதான் தர்க்கம் இருக்கிறது. தாய் குறையே இல்லாதவர் என்றால் அவருக்காக எதை வேண்டுவது? முழுப் புகழ்ச்சி வேண்டுதலுக்கு இடமே வைப்பதில்லை. குறையைத் தெரிந்து வைத்திருப்பவனுக்குத்தான் தாய்க்காக மன்றாட ஒரு காரணம் கிடைக்கிறது.

வேதாந்தப் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் வலிமையானது. ஆன்மாவுக்கு வெற்றிலை ஏது, கருவாடு ஏது? போன உயிரைப் பழைய ருசிகளோடு கட்டி வைப்பது பற்றை வளர்ப்பதாகாதா? ஆகலாம். ஆனால் அதே வாதம் தியாகத் திருவுருவத்தையும் சேர்த்துத்தான் வீழ்த்தும். ஆன்மாவுக்கு வெற்றிலை இல்லை என்றால் தாய்மையும் இல்லை. உடம்பைப் பொய் என்றும் உலகை மாயை என்றும் சொன்னவர்களைப் பற்றியே மரபு என்ன கதை சொல்லி வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். துறவிக்கு ஈமக்கடன் உரிமை இல்லை. ஆனாலும் ஆதிசங்கரர் சுற்றத்தாரின் எதிர்ப்பை மீறிக் காலடியில் தாய்க்குத் தாமே எரியூட்டினார் என்றும், பட்டினத்தார் பச்சை வாழைத்தண்டை அடுக்கித் தாய்க்குத் தீ மூட்டினார் என்றும் சொல்கிறார்கள். வரலாறாக இவற்றை நிறுவ முடியாதுதான். ஆனால் அனைத்தையும் துறந்தவர்கள் என்று போற்றும் இருவருக்கும் இந்த ஒரு விலக்கை மரபே அளித்திருக்கிறது. பற்றறுத்தல் என்பது இன்னாரை அறவே மறத்தல் ஆகாது என்று யாரோ எங்கோ நினைத்திருக்கிறார்கள்.

தாயாக மட்டும் நினைக்கப்பட்டவர் எப்படி மறைந்துபோகிறார் என்பதற்குப் பெரியபுராணத்தை எடுத்துக்கொள்வோம். அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். சுந்தரரைப் பெற்ற இசைஞானியார் அவர்களில் ஒருவர். பெற்றார் என்பதற்கு மேல் அவருடைய வாழ்வைப் பற்றிச் சேக்கிழார் நமக்கு ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெருமை சொல்லுக்கு அடங்காது என்ற வகையில் முடித்துவிடுகிறார். காரைக்கால் அம்மையார் பிள்ளை பெறாதவர், இறைவனே அம்மை என்று அழைத்தவர். அவரைப் பற்றி மாங்கனி முதல் திருவாலங்காடு வரை விரிவாக வருகிறது. அவரைத் தெய்வம் என்று அஞ்சி விலகிய கணவன் பரமதத்தன்கூட வேறொருத்தியிடம் பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று அவர் பெயரையே வைக்கிறான். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் நம் வழக்கத்தின் ஒரு விசித்திர வடிவம் இது. ஒருவர் தாயாக மட்டும் வந்தார், அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. இன்னொருவர் தம் செயலாலும் சொல்லாலும் வந்தார், இன்றும் காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடக்கிறது.

தியாகத்தை மட்டும் நினைப்பதில் உயிரோடிருப்பவர்களுக்கும் ஒரு கேடு உண்டு. அம்மா கடைசியாகச் சாப்பிட்டார், மிச்சத்தைச் சாப்பிட்டார், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை என்று ஆண்டுக்கொரு முறை கூடத்தில் பேசப்படும்போது மருமகளும் மகளும் அங்கேதான் நிற்கிறார்கள். புகழுரை அவர்கள் கையில் கடன்சீட்டாக வந்து விழுகிறது. முகம் சுளித்த நாட்களையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பாரம் பாதி இறங்கிவிடும். அப்படிச் சொல்வது இறந்தவருக்கு அவமரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சுளித்ததற்கும் காரணம் இருந்திருக்கும்.

தர்ப்பணம் பெண்கள் வரிசையிலும் மூன்று தலைமுறைக்குத்தான் பெயர் சொல்கிறது: தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி. அதற்கு மேல் போனவர்கள் பெயரின்றிக் கலந்துவிடுகிறார்கள். எல்லாம் மறந்துபோகும் என்றால் விவரம் எதற்கு என்று இதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. மூன்று தலைமுறைதான் என்பதால்தான் விவரம் வேண்டும் என்பது என் பதில். தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியாமல் அண்ணன் முகத்தைப் பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் வயதான அத்தையோ சித்தியோ இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். பெயரோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கிழவி எதற்குச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள், யாரும் பார்க்காதபோது எதைத் தின்பாள் என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.