கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பொட்டு
மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கை அடுத்த கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் குவிந்திருக்கும். அப்பால் தேயிலைச் சரிவுகள். 1929இல் தொடங்கிய போ (BOH) தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் தமிழர் உழைப்பிலும் வளர்ந்தவை. அந்த உழைப்பின் துணை, செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. கருவியைக் கழுவி, சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைப்பார்கள். அன்று அதற்கு ஓய்வு.

வெட்டும் இரும்பை வணங்கலாமா? விடை செடியிலேயே இருக்கிறது: கவ்வாத்து செய்தால்தான் தேயிலை மரமாக ஓங்காமல் படர்ந்து தளிர்க்கும். அதே அலகு அவசரக் கையில் செடியைக் கெடுக்கும். வணக்கம் அந்தப் பொறுப்புக்கு.

அந்தப் பொறுப்பு கத்தியைத் தேர்வதிலேயே தொடங்குகிறது. முதல் கத்தி வாங்குபவர் தமிழ்நாட்டின் திருப்பாச்சேத்திப் பட்டறைக்குப் போகலாம். பிரான்சின் ஓப்பினெல் மடக்குக் கத்தியையும் எடுக்கலாம். பிடி உள்ளங்கையில் அடங்குகிறதா, அலகு ஆடாமல் நிற்கிறதா என்று நிதானமாகப் பார்க்கட்டும்.

விஜயதசமி காலையில், பொட்டு காயாத கத்தி மறுபடி வேலைக்கு இறங்குகிறது.