தோற்றால் விதி, ஜெயித்தால் நாமா?



காற்பந்து ஆடுகிற எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஜெயித்தால் "நல்லா ஆடினோம்" என்போம். தோற்றால் "நேரம் சரியில்ல" என்போம். கோயிலுக்குப் போய் வரும் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஜெயித்தால் சாமி அருள், தோற்றால் விதி. இந்தக் கணக்கு சரிதானா என்று போன சீசன் என்னை யோசிக்க வைத்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் தங்கும் விடுதிகளுக்கு இடையே வருடா வருடம் காற்பந்து லீக் நடக்கும். எட்டு விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு ஆட்டங்கள், முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அரையிறுதி. நான் எங்கள் விடுதியின் கோல்கீப்பர். முதல் ஆட்டம் 0-3. இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் பையன் கிராஸ் போட நினைத்து உதைத்த பந்து, எதிரணிக்காரர் முழங்காலில் பட்டு உள்ளே போய் 1-0. நான்காவது ஆட்டத்தில் முந்தைய வருட வெற்றியாளர்களையே 2-1 என்று கவிழ்த்தோம். அன்று ராத்திரி மாமாக் கடையில் நாங்கள் போட்ட கூச்சலில் கடைக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். அடுத்த வாரம், அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத விடுதியிடம் 0-1. அதே பதினொரு பேர், அதே பயிற்சி, ஆட்டத்துக்கு முன்னால் நான் பூசிக்கொண்ட அதே திருநீறு!

யோசித்துப் பார்த்தால் இது காற்பந்தின் இயல்பு. கூடைப்பந்தில் ஒரு குழு ஒரே ஆட்டத்தில் பல பத்துப் புள்ளிகள் எடுக்கும். ஒன்றிரண்டு தவறிப்போனாலும் திறமை கடைசியில் தெரிந்துவிடும். காற்பந்தில் விழுவதே ஒன்றோ இரண்டோ. ஒரு முழங்கால் குறுக்கே வந்தால் ஆட்டமே மாறிவிடும்.

நம் நாட்டுக் குழுவே இதற்குச் சாட்சி. 2010 டிசம்பர் சுசுகி கிண்ணத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பயிற்றுநர் கே. ராஜகோபாலின் மலேசியக் குழு முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. தாய்லாந்தோடு 0-0. லாவோசை 5-1 என்று ஜெயித்தும் நம் தலைவிதி நம் கையில் இல்லை. அதே நாளில் தாய்லாந்து இந்தோனேசியாவை ஜெயித்திருந்தால் நாம் வீட்டுக்குப் போயிருப்போம். தாய்லாந்துதான் முதலில் கோல் போட்டது. கடைசிக் கட்டத்தில் இந்தோனேசியா இரண்டு பெனால்டிகளை அடித்து 2-1 என்று ஜெயித்தது. நாம் பிழைத்தோம். அதே இந்தோனேசியாவைத்தான் இறுதிச் சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வீழ்த்தி, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணத்தை முதல் முறையாகக் கொண்டுவந்தோம். டிசம்பர் 31 பொது விடுமுறையானது. ஏழு மாதம் கழித்து, 2011 ஜூலையில், அதே பயிற்றுநரின் குழு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் மொத்தம் 4-6 என்று தோற்று வெளியேறியது.

என் அப்பா இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் சொன்னதே இல்லை. புக்கிட் ஜாலில் ஆட்டத்தில் கூட்டத்தில் இருந்த சிலர் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள்மேல் லேசர் ஒளியை அடித்தார்கள். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. நம் மூன்று கோலும் அதற்குப் பிறகு விழுந்தவை. லேசரால்தான் ஜெயித்தோம் என்று நான் சொல்லவில்லை. நம் ஆட்டக்காரர்கள் உண்மையாகவே நன்றாக ஆடினார்கள். ஆனால் ஜெயித்த கதையில் நாம் எதைச் சொல்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எல்லாம் விதிதானா? திருவள்ளுவர் 38ஆம் அதிகாரத்தை ஊழுக்குக் கொடுத்தார். அதை முடிக்கும்போது, ஊழைவிட வலிமையானது எதுவும் இல்லை என்ற கருத்தில் முடிக்கிறார். அதே வள்ளுவர் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையை, சோர்ந்து போகாமல் உழைப்பவன் ஊழையே புறமுதுகிட வைப்பான் என்ற கருத்தில் முடிக்கிறார். ஒரே நூலில் இரண்டும் இருக்கிறது. நாமோ தோற்ற அன்று முதலாவதையும் ஜெயித்த அன்று இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறோம்.

பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம், 14ஆம் சுலோகம் எனக்கு இதைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு செயல் நடக்க ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது அது: செயலுக்கு இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். பொறியியல் மாணவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? ஒரு கருவியை வடிவமைக்கும்போது வெளியிலிருந்து வரும் இடையூறு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அதற்காக நாம் கொடுக்கும் உள்ளீட்டைத் தப்பாகக் கொடுக்க முடியுமா? ஐந்தாவது என் கையில் இல்லை. முதல் நான்கில் என் பொறுப்பு இருக்கிறது.

இதையெல்லாம் நான் படித்தது ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

ஜெயித்தால் அரையிறுதி, சமநிலை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்களுக்கு 1-0 முன்னிலை. கடைசி நிமிடம். கார்னரில் வந்த பந்தை எதிரணி அண்ணன் ஒருவர் தலையால் முட்டினார். நான் பின்னால் சாய்ந்து பிடித்தேன். பிடித்த இடம் கோட்டுக்கு உள்ளே. பந்து முழுசாகத் தாண்டிவிட்டது, என் கண்ணாலேயே பார்த்தேன். அடுத்த நொடி அதை வெளியே இழுத்துவிட்டேன். நடுவரும் ஒரு மாணவர்தான், தூரத்தில் இருந்தார். ஓடி வந்து என்னைப் பார்த்து, "மாசோக் கா?" என்றார். உள்ளே போனதா என்று கேட்கிறார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். விசில் அடித்தது. ஜெயித்துவிட்டோம்.

"சாமி நம்ம பக்கம்டா!" என்று நண்பன் என்னைத் தூக்கிச் சுற்றினான். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நடுவரைத் தூரத்தில் நிறுத்தியது நானா? முழங்காலில் பட்ட கோல் நியாயமா, கடைசி இடத்துக் குழுவிடம் தோற்றது நியாயமா? எல்லாம் குலுக்கல்தானே, இதுவும் ஒன்று.

நண்பர்களே, இந்த வாதம் திடலில் மட்டும் வருவதில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தும் மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காதபோது வரும். நேர்முகத் தேர்வில் நம்மைவிடக் குறைவாகத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும்போது வரும். "உலகமே நியாயமா இல்ல, நான் மட்டும் ஏன் ஒழுங்கா இருக்கணும்?" நியாயமான கோபம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நடுவர் தூரத்தில் நின்றது ஐந்தாவது காரணம். தலையை ஆட்டியது நான். என் செயலைத் தெய்வத்தின் கணக்கில் எழுதப் பார்த்தேன்.

அரையிறுதியில் மழை. பந்து கையில் நிற்கவில்லை. 0-4. திருடிய பொருளை வீடு போய்ச் சேரும் முன்பே தொலைத்தவன் மாதிரி ஆகிவிட்டேன். வெற்றி போய்விட்டது, பொய் மட்டும் என்னோடு இருந்தது.

அந்த அண்ணன் இறுதி ஆண்டு மாணவர். அவருக்கு அடுத்த சீசன் கிடையாது. வளாகத்தில் வெள்ளிக்கிழமை கூட்டுப் பிரார்த்தனைக்கு நாங்கள் இருவரும் போவோம். மூன்று வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். நான்காவது வாரம் மாமாக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டா தம்பி. நான் ரெண்டு அடி தள்ளித்தானே நின்னேன்."

"அப்புறம் ஏண்ணே நீங்க ஒண்ணும் சொல்லல?"

"கத்துனேனே. ரெஃப்ரி என்னைக் கேக்கல, உன்னத்தான் கேட்டாரு."

தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஆட்டம் போனது பரவால்ல. எத்தனையோ ஆட்டம் போயிருக்கு. வெள்ளிக்கிழம உன் பக்கத்துல நின்னு தேவாரம் பாடறதுதான் கஷ்டமா இருந்துச்சு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குப் பக்கத்தில் இடம் விட்டு நின்றார், அவ்வளவுதான். எங்கள் கேப்டனிடமும் சொன்னேன். "ஏன்டா இப்ப சொல்ற?" என்று திட்டினார்.

பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வதை, "என்ன நடந்தாலும் கவலைப்படாதே" என்றுதான் முன்பு புரிந்து வைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. பலன் நம்மிடம் தங்குவதே இல்லை. 2010 கிண்ணம்கூட ஏழு மாதம்தான் ஆறுதல் தந்தது. தங்குவது நாம் செய்தது மட்டும். அதனால் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த சீசன் விரைவில் தொடங்குகிறது. ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளையாரிடம் ஜெயிக்கணும் என்று வேண்டமாட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கட்டாயம் வேண்டுவேன். கூடவே இன்னொன்றும் கேட்பேன்: நடுவர் ஓடி வந்து என்னைக் கேட்டால், என் தலை இந்த முறை சரியான பக்கம் அசையணும்.