துறைக்குப் புறத்தே நிற்பவர்

கிராமத்திற்குக் கடிதம் கொண்டு வருபவரை ஊரார் தபால்காரர் என்றே அழைக்கின்றனர். அவருக்கு வேலை தந்திருக்கும் அஞ்சல் துறையின் ஏடுகள் அவரை அவ்வாறு அழைப்பதில்லை. 1964ஆம் ஆண்டு விதிகளில் அவர் துறைசாரா முகவர். 2001ஆம் ஆண்டு விதிகளில் ‘கிராமின் டாக் சேவக்’, அதாவது கிராம அஞ்சல் சேவகர். சிற்றூரின் கிளை அஞ்சலகத்தை நடத்துபவரும் இவ்வகுப்பினரே. நாடெங்கும் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இவர்கள் பெறும் பணத்திற்கு ஊதியம் என்று பெயரில்லை. வேலை நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் ஒரு ‘படி’ என்றே எழுதப்படுகிறது. தங்களை முறையான அரசு ஊழியராக வகைப்படுத்த வேண்டும் என்பது இவர்களுடைய சங்கங்களின் நெடுநாளைய கோரிக்கை. ஒரு பெயருக்காகவா இத்தனை போராட்டம் என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னர் இம்முறை தொடங்கியபோது அதில் அநீதி இருந்ததாக நான் கருதவில்லை. நாள் முழுவதும் வேலை இராத ஊர்களில், பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ தம் தொழிலோடு சில மணி நேரம் அஞ்சல் வேலையையும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே ஏற்பாடு. இல்லையேல் பல ஊர்கள் அஞ்சலகத்தையே கண்டிரா. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலையில்லை, பிழைப்புக்கு வேறு வருவாய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அன்றைய மெய்ந்நிலையை உள்ளபடி உரைத்தன. இன்றோ சேமிப்புக் கணக்கு, காப்பீடு, முதியோர் உதவித்தொகை என்று வேலை பெருகியிருக்கிறது. வேறு வேலை கிட்டாமலேயே இவ்வேலைக்கு வரும் இளைஞர் பலர். அவர்களும் தமக்கு வேறு வருவாய் உண்டென்று உறுதி அளித்தே சேர்கின்றனர். அது வெறும் எழுத்து என்பதைத் தருபவரும் அறிவார், வாங்குபவரும் அறிவார். இருவர் ஒப்பிச் செய்துகொண்ட ஓர் உடன்பாடு அதனாலேயே நீதியாகிவிடுமா?

1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை 13ஆம் லியோ இதற்கு விடை தந்திருக்கிறார். மனமொத்த ஒப்பந்தம் மட்டும் போதாது. அதற்கும் முந்தியது இயற்கை நீதி. வறுமைக்கோ, இதனினும் பெரிய கேட்டுக்கோ அஞ்சிக் கடினமான நிபந்தனையை ஏற்பவர், உண்மையில் வன்முறைக்கு ஆளானவரே என்பது அவர் கருத்து. குருமடத்தில் இதைக் கற்றபோது என் மனக்கண் முன் நின்றவர் ஆலை முதலாளி. அந்த இடத்தில் அரசும் வந்து நிற்கக்கூடும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பெயர் வெறும் பெயரன்று என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளே சான்று. இவர்கள் வகிப்பதும் அரசுப் பதவியே. ஆகவே உரிய விசாரணையின்றி நீக்கலாகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சேவகராகப் பல ஆண்டுகள் உழைத்துப் பின்னர் நிரந்தரப் பணி பெற்றவர்கள், அந்தப் பழைய ஆண்டுகளையும் ஓய்வூதியத்திற்குச் சேர்த்து எண்ணக் கேட்டபோது, விதியில் அதற்கு இடமில்லை என்று 2019இல் அதே நீதிமன்றம் கூறிற்று. வேலையைவிட்டு நீக்குவதற்கு அவர் அரசுப் பதவியினர். ஓய்வூதியத்திற்குக் கணக்கிடும்போது புறத்தார். நீதிமன்றத்தைக் குறை கூறுவதற்கில்லை. கேட்க வேண்டியது விதியை வகுத்தோரை.

கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை அளித்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. 2018 மே 22இல் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு வாரங்களுக்கும் மேல் நீடித்தது. பணவிடைக்காகக் காத்திருந்த முதியோர் பட்ட துன்பத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஜூன் 6இல் மத்திய அமைச்சரவை புதிய விகிதத்தை ஏற்றது: நான்கு மணி நேரச் சேவகருக்குக் குறைந்தது 10,000 ரூபாய், ஐந்து மணி நேரக் கிளை அஞ்சல் அதிகாரிக்கு 14,500 ரூபாய், அகவிலைப்படி தனி. இது சிறிய பேறன்று. எனினும் தொகைதான் உயர்ந்தது, வகுப்பு மாறவில்லை.

அரசு சொல்வதிலும் பொருள் உண்டு. நான்கு மணி நேரம் உழைப்பவருக்கு எட்டு மணி நேர ஊழியரின் உரிமை முழுவதையும் அளித்தால், அது மற்றவருக்கு அநீதியாகலாம். ஆனால் அந்த வாதம் அளவைப் பற்றியது. பாதி நேரத்திற்குப் பாதி ஓய்வூதியம் என்று கணக்கிட எந்த நீதியும் தடையில்லை. பாதி நேரம் உழைப்பவர் ஊழியரே அல்லர் என்று சொல்வதற்கு அந்த வாதம் இடந்தராது.

இதை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது. சேவை என்ற சொல்லால் கூலியைக் குறைக்கும் கலை அரசுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் பங்கின் கணக்கேட்டில் கோயில்பிள்ளைக்குக் கொடுப்பது ‘அன்பளிப்பு’ என்ற தலைப்பில்தான் எழுதப்பட்டு வந்தது. விடியுமுன் வந்து மணி அடிப்பவர், இரவில் கதவடைத்து விட்டுச் செல்பவர் அவர். நானும் பல ஆண்டுகள் மறுபேச்சின்றிக் கையொப்பமிட்டேன். அண்மையில் அந்தத் தலைப்பை ‘ஊதியம்’ என்று மாற்றி எழுதச் சொன்னேன். கணக்கு எழுதுபவர் பேனாவை மூடிவிட்டு, “அப்படியானால் தொகையையும் மாற்ற வேண்டி வருமே, சாமி” என்றார். பங்குப் பேரவையில் அது இன்னும் முடிவாகவில்லை.