மலையேறும் வழியில் ஒரு பந்தி

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிற பேருந்து சத்திரப்பட்டியைத் தாண்டி ஆயக்குடியில் நிற்கும்போது, ஜன்னல் வழியாக முதலில் உள்ளே வருவது கொய்யாப்பழ வாசனை. சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொய்யா. இந்த ஊர்ச் சந்தையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கேரளம் வரைக்கும் போகிற பழம் அது. கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா பழத்தை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டிவிட்டுத்தான் விலையே சொல்வார். கூடவே கேள்வியும் வரும். "எந்த ஊருங்க? மலைக்குங்களா?" பழனியில் மலை என்றால் முருகன் மலை. "இல்லம்மா, கொடைக்கானல்ல ஒரு சபைக் கூட்டம்" என்று சொன்னால் அவர் முகம் ஒன்றும் மாறாது. "குளிருமே, சொட்டர் எடுத்துக்கிட்டீங்களா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

கொடைக்கானலில் நடக்கும் கிறிஸ்தவக் கூட்டங்களுக்கு இந்த வழியாகப் போகிறவர்களுக்கு ஆயக்குடி ஒரு நிமிட நிறுத்தம். பெரும்பாலோர் இறங்குவதுகூட இல்லை. பழனியில் வண்டி மாறி, வரதமாநதி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து வெகுதூரம் ஏறி, பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேர்ந்தால், அங்கிருந்து கொடைக்கானல் பக்கம். கூட்டம் அங்கே, செய்தி அங்கே, ஜெபம் அங்கே. நடுவில் இருப்பதெல்லாம் வெறும் வழி. இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

தைப்பூச நாட்களில் இதே சாலையில் நின்றால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள் நாள்கணக்கில் நடந்து இந்த வழியாகத்தான் பழனிக்குப் போகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர், மோர், சோறு என்று வழிநெடுகப் பந்தல்கள். பாதயாத்திரை போகிறவருக்கு நடையே வழிபாடு. கிறிஸ்தவருக்கு அப்படிச் சொல்ல முடியுமா? யோவான் சுவிசேஷத்தில் சமாரியப் பெண் எந்த மலையில் தொழ வேண்டும் என்று கேட்கிறாள். இந்த மலையும் இல்லை, எருசலேமும் இல்லை, ஆவியோடும் உண்மையோடும் தொழுகிற காலம் வருகிறது என்று இயேசு பதில் சொல்கிறார். இடத்துக்குத் தனிப் புனிதம் இல்லை என்றால், முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து ஒரு மலையில் போய்க் கூடுவதற்கு என்ன அர்த்தம்? வேதம் வீட்டிலும் இருக்கிறது. பிரசங்கம் இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது.

பதில் கிறிஸ்தவர்களின் முதல் மாநாட்டிலேயே இருக்கிறது. அது ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் நடந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் அதைப் பதிவு செய்கிறது. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவிலிருந்து புறப்பட்டார்கள். அவர்கள் நேரே எருசலேமில் போய் இறங்கியதாக அந்த அதிகாரம் எழுதவில்லை. பெனிக்கே நாடு வழியாகவும் சமாரியா வழியாகவும் போனார்கள், வழியிலிருந்த சகோதரரிடம் புறஜாதியார் மனந்திரும்பிய செய்தியைச் சொன்னார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி உண்டாயிற்று என்று எழுதுகிறது. சமாரியா யூதர்கள் கை நனைக்கக் கூசிய நாடு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாநாட்டில் பேசப்பட வேண்டிய விஷயமோ, விருத்தசேதனம் இல்லாதவரைச் சபையில் முழு உறுப்பினராக ஏற்பதா என்பது. நடைமுறையில் அதன் பொருள், அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாமா என்பதுதான். அந்தியோகியாவில் பேதுரு முதலில் புறஜாதியாரோடு சாப்பிட்டுவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து ஒதுங்கினார் என்றும், அதற்காகத் தாம் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்ததாகவும் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் சொல்கிறார். திருச்சபையின் முதல் பெரிய சண்டை பந்திச் சண்டை.

சீஷர்களை ஊர்களுக்கு அனுப்பும்போது இயேசு சொன்னதும் இதோடு சேர்கிறது. பணப்பை வேண்டாம், பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம். எந்த வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களோ அங்கேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். கொடுக்கப் போகிறவர்களை முதலில் வாங்குகிறவர்களாக்கி அனுப்புகிறார். முன்பின் அறியாத ஊரில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் பசியோடு உட்கார்ந்தவனுக்கு, தான் கொண்டுவந்த செய்தியை அதிகாரமாகச் சொல்ல வராது. பயணத்துக்கு இந்த நம்பிக்கையில் இடம் உண்டென்றால் அது இதுதான்: பயணம் ஒருவரை விருந்தாளி ஆக்குகிறது.

கொடைக்கானலின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கினார்கள். வெயிலும் நோயும் உயிர்களை வாங்கின. 1845-இல் அவர்கள் பழனி மலைத்தொடரின் உச்சியில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஒரு ஊரே அதிலிருந்து வளர்ந்தது. 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஏரியை உருவாக்கினார். 1890-இல் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானல் மிஷனரி யூனியனை அமைத்தார்கள். 1901-இல் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. கோடைக்காலத்தில் மலைக்கு ஏறுவது, ஓய்வு, ஜெபக் கூட்டம், மாநாடு எல்லாம் ஒன்றோடொன்று கலந்த வழக்கமாயிற்று.

அவர்கள் ஏறிய வழி பழனி வழி அல்ல. பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. குதிரையில் போனவர்கள் உண்டு, நடந்தவர்கள் உண்டு. பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றினார்கள் கூலியாட்கள். அந்தப் பாதைக்கே கூலிகளின் பெயரால்தான் ஆங்கிலத்தில் பெயர் வழங்கியது. உயிர் தப்ப மலையேறியவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. குழந்தைகளைப் புதைத்துவிட்டு வந்த பெற்றோர் அவர்களில் இருந்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பயணத்தில் தமிழர் சுமக்கிறவராக இருந்தார், சமைக்கிறவராக இருந்தார். உடன் உட்கார்ந்து சாப்பிடுகிறவராக அநேகமாக இல்லை.

இதே மிஷனரிகள்தான் தமிழ்ச் சபையில் பந்திச் சமத்துவத்துக்காகக் கடுமையாக நின்றவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மதுரை மிஷன் 1840-களின் கடைசியில் சாதியை விடாத ஊழியர்களை விலக்கியது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்ணத் தயாராக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் சரியானது. அதை எழுதியவர்களின் சொந்தச் சாப்பாட்டு மேசையில் இந்திய உடன் ஊழியருக்கு நாற்காலி போடப்பட்டதா என்ற கேள்வியும் சரியானது. அதை உலகத்தின் முன் கேட்டவர் ஒரு தமிழர்.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பயணங்களால் உருவானவர். 1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்த சிறிய சபை தன் சொந்தப் பணத்தில் தமிழ்நாட்டுத் தொண்டிக் கரைக்கு ஊழியரை அனுப்பிவருவதைப் பார்த்தார். பெரிய திருநெல்வேலித் திருச்சபை அதுவரை அப்படி யாரையும் அனுப்பவில்லையே என்று அவருக்கு உறுத்தியது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த பணித்தளம் நிஜாம் ராஜ்யத்து தோர்ணக்கல். 1909-இல் அசரியாவே அங்கே போனார். கூடாரத்தில் தங்கினார். தெலுங்கு கற்றார். தாமே அந்நியராக வாழ்ந்து பார்த்த அந்த அனுபவத்தோடுதான் அவர் எடின்பரோவுக்குக் கப்பல் ஏறினார்.

1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அங்கே அசரியா எழுந்து, மேலை நாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே உள்ள உறவைப் பற்றிப் பேசினார். வருஷக்கணக்காக ஒரே பணியில் இருந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாத நிலையைச் சொன்னார். மிஷனரிகளின் தியாகத்துக்கு வரும் தலைமுறைகள் நன்றி சொல்லும். அதோடு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். சிலர் முகம் சுளித்தார்கள். அந்த மாநாட்டின் தொகுதி தொகுதியான அறிக்கைகளை இன்று ஆய்வாளர்கள் மட்டுமே புரட்டுகிறார்கள். இந்தப் பேச்சைத் திருச்சபை இன்னும் மறக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1912 டிசம்பரில், அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பந்தியின் இன்னொரு வடிவம் திருவிருந்து. ஒரே ஊரில், ஒரே வேதத்தைப் படித்துக்கொண்டு, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் என்று தனித்தனி மேசையில் அப்பமும் ரசமும் எடுத்தார்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள். 1919 மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அநேகமாக எல்லோரும் இந்தியர். மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய அதே கடற்கரை. சுவிசேஷப் பணியைப் பற்றிப் பேச வந்தவர்கள், தங்களைப் பிரிக்கும் பிளவுகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து வந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று கண்டு, ஒன்றாவோம் என்று அறிக்கை எழுதினார்கள். மாநாட்டு அரங்கம் பெரிதில்லை. கூட்டமும் சிறிது. அதிலிருந்து கிளம்பிய பேச்சு 28 ஆண்டு நடந்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு நாளில் காலமானார்.

நடுவில் தாம்பரம். 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மாநாடு சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் படையெடுப்பால் அது தாம்பரத்துக்கு, அப்போதுதான் இடம் மாறியிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு மாறியது. ஏறக்குறைய 470 பேர் வந்தார்கள். சீனரும் ஜப்பானியரும் அதில் உண்டு. ஊரில் ஒருவருடைய நாடு மற்றவருடைய நாட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, இருவருக்கும் அந்நியமான ஒரு மண்ணில், ஒரே வளாகத்தில் இரண்டு வாரத்துக்கும் மேல் இருந்தார்கள். போர் அதனால் நிற்கவில்லை. ஆனால் அவரவர் ஊரிலேயே இருந்திருந்தால் அந்த இரண்டு வாரமும் இருந்திருக்காது.

மாநாடு முடிந்த பிறகும் பந்தியைக் கலைக்காமல் இருந்தவர்களும் உண்டு. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான பாரஸ்டர் பேட்டனும் ஒரே கூரையின் கீழ், ஒரே எளிய சாப்பாட்டில் வாழ்ந்தார்கள். எடின்பரோவில் கேட்கப்பட்டதற்குத் தமிழ்நாட்டில் கிடைத்த நேர்மையான பதில்களில் அது ஒன்று.

இன்றைக்குக் கொடைக்கானலில் நடக்கும் தியான முகாம்களையும் ஊழியர் மாநாடுகளையும் பாருங்கள். தனி வேன் வீட்டு வாசலிலிருந்து ஏற்றி முகாம் வாசலில் இறக்குகிறது. அறையில் சொந்த ஊர்க்காரர், பந்தியில் சொந்தச் சபைக்காரர், சில இடங்களில் சொந்தச் சாதிக்காரரும்தான். சமையல்காரரைக்கூட ஊரிலிருந்தே கூட்டி வருகிறார்கள். மூன்று நாளில் அந்த மலையைச் சேர்ந்த ஒருவரோடும் பேசாமல் திரும்பிவிடலாம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைக்கும் சபைகள் இன்னும் தமிழ்நாட்டில் இருக்கும்போது, ஒற்றுமையைப் பற்றி மலை மேல் நிறைவேற்றும் தீர்மானம் யாரைத் தொடும்? மேடையில் பேசப்படுவது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், யாரோடும் கை நனைக்காமல் வந்தவர்கள் பேதுரு எழுந்து ஒதுங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள்.

மாநாடு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரதிநிதிகள் எல்லோரையும் ஒரே விடுதியில் அடைக்க வேண்டாம். கிராமத்துக் கன்வென்ஷன்களில் முன்பு செய்தது போல, வீட்டுக்கு இரண்டு பேராக, மலையிலுள்ள சபை வீடுகளில் ஓர் இரவாவது தங்க வையுங்கள். அந்த வீடு எந்தச் சாதி என்று விசாரிக்காமல் பெயர்ப் பட்டியல் போடுங்கள். போகிறவர்களிடமும் ஒன்று. அடுத்த முறை பழனி வழியாக ஏறும்போது, ஆயக்குடியில் பத்து நிமிடம் இறங்குங்கள். அந்த அம்மா கீறித் தரும் கொய்யாவை வாங்கிச் சாப்பிட்டு, அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அவருடைய ஊரைப் பற்றி நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள்.