நெருப்பில் வெந்த செங்கல்



வேதாகமத்தில் செங்கல்லைப் பற்றி முதன்முதல் நாம் வாசிப்பது பாபேல் கோபுரத்தின் வரலாற்றில். மனிதருடைய ஆங்காரம் அறுத்துச் சுட்ட கல் அது. அதே செங்கல்லால் சர்வேசுரனுடைய தோத்திரத்துக்கென்று எழும்பிய ஒரு பேராலயத்தின் சரித்திரத்தை இன்று கேளுங்கள்.

ஜெர்மனி தேசத்தின் வடக்கே லூபெக் நகரத்தில், ‘சிங்கம்’ என்று பெயரெடுத்த ஹென்றி கோமகன் 1173-ம் ஆண்டு அதற்கு அஸ்திவாரமிட்டார். அந்தப் பக்கத்தில் மலையில்லை, வெட்டியெடுக்கக் கல்லில்லை, மண்தான் உண்டு. ஆகவே களிமண்ணைப் பிசைந்து சூளையில் சுட்டு, பருத்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளுமாக, ரோமானெஸ்க் என்னும் பாணியில் கட்டினார்கள். 1247-ல் அபிஷேகமாயிற்று. ஹென்றி மாண்டு அரை நூற்றாண்டு கடந்திருந்தது. கோவில் கட்டத் தொடங்குகிறவர்களின் பாடு பெரும்பாலும் அப்படித்தான்! பின்வந்தவர்கள் அதைக் கோதிக் பாணியில் நீட்டினார்கள். 1477-ல் பெர்ன்ட் நோட்கே என்னும் சிற்பி, 17 மீட்டர் உயரத்தில் மரத்தாலான பெரிய பாடுபட்ட சுரூபத்தை அங்கே நாட்டினார். 16-ம் நூற்றாண்டில் கோவில் லுத்தரன் சபையார் வசமாயிற்று, இன்றும் அவர்களுடையதே.

1942 மார்ச் 28 இரவு. விடிந்தால் குருத்து ஞாயிறு. இங்கிலாந்து விமானங்கள் நகரத்தின்மேல் நெருப்புக் குண்டுகளைப் பொழிந்தன. கோபுரச் சிகரங்கள் சரிந்தன. பீடத்தின்மேல் வளைகூரை இடிந்து விழுந்தது. நகரத்தில் முந்நூறு பேருக்குமேல் மாண்டார்கள். நோட்கேயின் சிலுவையோ தப்பிற்று.

அன்று காலை பகைவனைச் சபித்துப் பிரசங்கம் செய்வது எவ்வளவு எளிது! ஹிட்லரின் அரசும் அதைத்தான் விரும்பியிருக்கும். ஆனால் அவ்வூர் லுத்தரன் போதகர் கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க், இந்தச் சோதனையில் கடவுளே நம்மோடு பேசினார் என்று தம் மக்களுக்குச் சொன்னார். சில நாளில் சிறைப்பட்டார். அவரோடு நட்பாயிருந்த நமது குருமார் யோகான்னஸ் பிராசெக், ஹெர்மான் லாங்கே, எட்வர்ட் மியுல்லர் ஆகிய மூவரும் பிறகு பிடிபட்டார்கள். எரிந்த பேராலயத்துக்கு அருகிலுள்ள திருஇருதயக் கோவிலில் ஊழியம் செய்தவர்கள் அவர்கள். 1943 நவம்பர் 10-ந் தேதி ஹாம்பர்க் சிறையில், சில நிமிட இடைவெளியில் நால்வரும் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள். சபையால் பிரிந்திருந்தவர்களின் இரத்தம் ஒரே இடத்தில் சிந்திற்று.

பேராலயத்தின் திருப்பணி 1982-ல்தான் முடிந்தது. 2011 ஜூன் 25-ல் லூபெக்கில் நம் குருமார் மூவருக்கும் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, போதகரும் அவர்களோடு மரியாதையாய் நினைவுகூரப்பட்டார். திருஇருதயக் கோவிலின் நிலவறையில் அவர்களுடைய நினைவிடம் இருக்கிறது. பக்கத்துப் பேராலயத்தில், நெருப்புக்குத் தப்பிய சிலுவை இன்றும் நிற்கிறது.